சூப்பர்வைசரம்மாவுக்குக் காது மருந்து

...இல்லம்மா, நீங்க முன்னாடி போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இதோட மூணு பேர உள்ள அனுப்பிட்டேன், நாலாவதா நீங்க போனா என்ன கொறஞ்சிடப் போகுது. முயலுக்கு வயித்தால போகுதா? அப்ப கண்டிப்பா நீங்கதான் முதல்ல. இந்த டாக்டர் இருக்காரே, தொட்டதுக்கெல்லாம் வைத்தியம் பாப்பாரு. பத்து நாளைக்கு முன்னாடி நகம் வெட்டத்தான் இந்தப் பூனையக் கொண்டாந்தேன். வெட்டிட்டு வாய மூடிக்கிட்டுப் போயிருக்கலாம். "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது டாக்டர்"னு நானேதான் எடுத்துக் குடுத்தேன். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதை.

இது ஆசைக்கு வளக்குற பூனை இல்லம்மா. எனக்கு எழுதிக் குடுத்த மருந்து. சிரிக்காதீங்க, நெசமாவே சீட்டுல இருக்கு. நான் டெலிபோன் எக்சேஞ்சுல முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தவ. பகல் பூரா அடுத்தவங்க பேச்ச இணைச்சு விட்டுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் என் வாயத் தொறப்பேன். எங்க வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால உக்காந்து "ம்... ம்..."னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. காதுல வாங்கினாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த "ம்" நின்னப்புறம்... சோறே எறங்கலம்மா. மகனுக்கு ஒரு நாளைக்கு ஏழு தடவை போன் பண்ணிடுவேன். அவன் என்ன பண்ணுவான், பாவம். வயசானவங்களப் பாக்குற டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனான். அந்தம்மா அரை மணி நேரம் நான் சொன்னதக் கேட்டாங்க. கேட்டுட்டு, "உங்களுக்குத் துணைக்கு ஒரு பிராணி வேணும்"னு எழுதிட்டாங்க. அவங்களால அதுக்கு மேல கேக்க முடியல போலருக்கு.

சரின்னு பிராணிகள் காப்பகத்துக்குப் போனோம். ஒரு வாரம் வீட்டுல வச்சுப் பாக்கலாம், ஒத்து வரலன்னா திருப்பிக் குடுத்துடலாம்னாங்க. மகன் ஒரு நாயக் காட்டினான். எனக்கு முட்டி வலி, வீடு மூணாவது மாடி, லிஃப்ட் வாரத்துல நாலு நாள் ஓடாது. சொன்னா கேக்கணுமே. அந்த நாய் மூணு நாள் மரியாதையா எதிர்ல உக்காந்து கேட்டுச்சு. நாலாம் நாள், எங்க நாத்தனார் கல்யாணத்துல நடந்த சண்டைய ஆரம்பிச்சேன். எழுந்து பாத்ரூமுக்குள்ள போயி, மூக்காலயே கதவத் தள்ளிச் சாத்திக்கிச்சு.

அப்புறம் ரெண்டு குருவி. நான் ஒண்ணு சொன்னா அதுங்க ஒம்பது சொல்லுதுங்க. என் வீட்ல எனக்கே பேச எடமில்ல. ரெண்டே நாள், திருப்பிக் குடுத்துட்டேன். அப்புறம் ஒரு சின்னப் பூனை. அது அந்த ஒரு வாரமும் கட்டிலுக்கு அடியிலேயே குடும்பம் நடத்துச்சு. காப்பகத்து அம்மா, "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க கொஞ்சம் அமைதியா இருந்தீங்கன்னா..."ன்னு இழுக்குறாங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. எனக்குத் துணைக்குப் பிராணியா, இல்ல பிராணிக்கு நான் துணையா?

விருட்டுன்னு கெளம்பி வாசல்ல செருப்பு மாட்ட உக்காந்தேன். அப்பத்தான் இது வந்து மடியில ஏறிச்சு. கெழவி. வாலு பாதிதான் இருக்கு. எட்டு மாசமா யாருமே எடுக்கலயாம். நான் பொலம்பப் பொலம்ப, இதோ இங்க, நெஞ்சுல தலைய அழுத்தி வச்சுக்கிச்சு. அதே நாத்தனார் கல்யாணத்த முழுசா சொன்னேம்மா, அசையல. மொறச்சுப் பாக்கும், பதில் சொல்லாது. அப்படியே எங்க எக்சேஞ்சு சூப்பர்வைசரம்மா. அதையே பேரா வச்சுட்டேன். அன்னிக்குத்தான் ரெண்டு வேளை ஒழுங்கா சாப்பிட்டேன்.

நகம் வெட்ட வந்தன்னிக்கு இந்த டாக்டர் காதுக்குள்ள பாத்துட்டு, "ரெண்டு காதும் அழுக்கும் சீழுமா அடைச்சிருக்கு, பத்து நாள் சொட்டு மருந்து விடுங்க, நல்லாவே கேக்கும்"னாரு. நல்லாக் கேட்டா இதுவும் ஓடிடுமே. மத்ததெல்லாம் ஏன் ஓடிச்சு? காது கேட்டதாலதானே? நாலு நாள் விட்டேன். அஞ்சாம் நாள்... யார்கிட்டயும் சொல்லாதீங்க... மருந்த ஜன்னல்ல இருக்குற செடித் தொட்டியில ஊத்திட்டேன். செடி வாடிப் போச்சு.

இன்னிக்குக் கொண்டாந்து காட்டச் சொல்லியிருக்காரு. உள்ள போயி என்னத்தச் சொல்வேன்? அதான் வர்றவங்களுக்கெல்லாம் வழி விட்டுட்டு உக்காந்திருக்கேன். நேத்து மத்தியானம் காதச் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வந்துடுச்சும்மா. அப்பவும் என் மடியிலதான் வந்து படுத்துச்சு. நான் பேசறதுக்கு ஆள் வேணும்னு, ஒரு வாயில்லா ஜீவன வலி தாங்க வச்சிருக்கேன். அவர் இருந்திருந்தா, "ம்"முக்குப் பதிலா, மருந்த ஊத்தின அன்னிக்கு 'ஏன்டி இப்படிப் பண்ணே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரு.

உங்க போனா அடிக்குது? எடுங்க, எடுங்க. வெளியில போயா பேசப் போறீங்க... முயல் கூடையையும் எடுத்துக்கிட்டா? சரி, சரி, போயிட்டு வாங்க.

ஏய். நீ எதுக்கு அந்தப் பக்கம் திரும்பற? போன் சத்தத்துக்கா? இரு... சூப்பர்வைசரம்மா? அட, காது இந்தப் பக்கம் திரும்புதே... எத்தன நாளா கேக்குது உனக்கு? அந்த நாலு நாள் மருந்துலயேவா? அப்ப நேத்து நான் அவரப் பத்திச் சொல்லிச் சொல்லி அழுதது... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தியா?

வா, எந்திரி. உள்ள போயி திட்டு வாங்கலாம், மருந்து வாங்கலாம். அரைகுறையா கேட்டா கதை எப்படிப் புரியும்.