விமானத்தின் மூக்கு ஊசி

பிளாஸ்டிக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுக்கொள்ள வேண்டும், சார். காய்ந்த தாளில் தேய்த்தால் தூள் கீழே விழாது. கை மயிரில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், ஊதிவிட்டாலும் திரும்பி வந்து அதே இடத்தில் ஒட்டும். தேய்க்கத் தேய்க்க அதில் மின்சாரம் ஏறுகிறது. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நைலான் சேலை கட்டி வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது இதனால்தான். நாரணாபுரத்தில் அந்த வாசலில் நிற்கிற போர்மேன் நான். பெயர் முனியராஜ், ஊர் ஆமத்தூர். எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். விமானத்தைச் சொல்லாமல் கம்பியைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதலாளி பலவேசத்தின் மகன் தருண்குமார் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தான். ஸீ ஹாரியர். ஓடுபாதை இல்லாமல், கப்பல் தளத்தில் நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும்புகிற சண்டை விமானம். நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில், துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற மாடல். ரெண்டு துண்டை ஒட்டிப் பார்த்துவிட்டு, மூக்கு நுனியையும் ஒடித்துவிட்டு, ஆபீஸ் ரூமில் போட்டுவிட்டான். அதை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். முதலாளி எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"ஏலே, பேரன் பேத்தி எடுக்கிற வயசுல ஒனக்கு வெளாட்டுச் சாமான் கேக்குதோ? எடுத்துட்டுப் போலே."

எடுத்துக்கொண்டு போனேன். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான்.

பெட்டியில் இருந்தது பழைய வகை. நம் கப்பற்படையிடம் இருக்கிறதே, அந்தக் கூர்மூக்கு. அதை அப்படியே ஒட்டிவைக்க எவனும் போதும். நான் செய்ய நினைத்தது இங்கிலாந்துக்காரன் பின்னால் மேம்படுத்திய வகை. பெரிய ராடார் வைத்ததால் அதற்கு மூக்கு பருத்து உருண்டிருக்கும், இறக்கைக்குப் பின்னால் உடம்பும் கொஞ்சம் நீளம். போன வருஷம் அங்கேயே அதைப் பறக்கவிடாமல் நிறுத்திவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சிவகாசி பிரவுசிங் சென்டரில் படம் எடுத்து வந்து, உடம்பை ரம்பத்தால் ரெண்டாக அறுத்து, நடுவில் பிளாஸ்டிக் தகடு கொடுத்து நீட்டினேன். மூக்கைப் புட்டிப் பசையில் பிடித்து, தேய்த்து, மறுபடி பிடித்து, மறுபடி தேய்த்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான் சார். மற்றதெல்லாம் முதலாளிக்குச் செய்தது.

மிஞ்சியது மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருக்கிற ஊசி. காற்றின் வேகம் பார்க்க வைப்பது. தையல் ஊசியை வைத்தேன், அரத்துக்கு மசியவில்லை. எலெக்ட்ரிக் கடைக் கம்பி தொட்டால் வளைந்தது. விறைப்பான செம்புக் கம்பி தேவைப்பட்டது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறை வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் தகடு வழியாக, சுவருக்குப் பின்னால் இறங்குகிற கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விடும். எங்கள் ஆட்கள் அதைச் சும்மா தொட மாட்டார்கள். கோயில் படியைத் தொடுவதுபோலத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை அதன் மூலையில் சந்தனம் குங்குமம் வைப்பாள் மாரித்தாய். அந்த அறையில் வேலை பார்த்தவள். என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள்.

சுவருக்குப் பின்னால் போய் ஒரு சாண் வெட்டி எடுத்தேன். நல்ல கம்பி. அரத்தில் அப்படி வழவழவென்று ஊசியாக வந்தது.

அன்றைக்கே வேறு கம்பி மாட்டியிருக்க வேண்டும். அது தெரியாத ஆள் இல்லை நான். ஆனால் ஒயர்மேனைக் கூப்பிட வேண்டும், தீபாவளி ஆர்டர் நெரிக்கிற நேரத்தில் அறையைப் பூட்ட வேண்டும், வெட்டியது யார், எதற்கு என்று முதலாளி கேட்பார். விளையாட்டுச் சாமானுக்கு என்று சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். மாட்டவில்லை.

பிறகு ஆடி வந்தது. காய்ந்த காற்று. கதவைத் தொட்டாலே விரலில் சுருக்கென்று அடிக்கிற காலம். ஒரு நாள் காலையில் மாரித்தாய் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே, போன ஆடியில தொட்டா சுருக்குன்னு குத்தும். இப்பக் குத்தவே இல்லையே?"

"ஒன் ஒடம்புல கரண்டு ஏறல தாயி. நல்லதுதானே."

"அம்புட்டும் ஆத்தா புண்ணியம்" என்று சிரித்தாள். அவள் சிரிப்பு முதலாளி சிரிப்பு மாதிரி இல்லை. அதற்குப் பிறகும் தினமும் அவள் தொடுவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தொட்டது ஒன்றுக்கும் பிரயோஜனமில்லாத வெறும் தகடு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அறை வெடித்த அன்றைக்கும் தொட்டாள். நான் வாசலில் இருந்தேன்.

போனது மாரித்தாய். அவளோடு அறையில் இருந்த இருளாண்டியும்தான். அவன் பெயர் எனக்குச் சட்டென்று வருவதில்லை.

விசாரிக்க வந்தவர்கள் எப்படி நடந்திருக்கும் என்று கேட்டார்கள். மாரித்தாய் நைலான் சேலை கட்டி வந்திருப்பாள், கூட்டத்தில் என் கண்ணில் படவில்லை என்று சொன்னேன். வாசலில் அவளை நிறுத்திப் பார்த்து, பருத்திச் சேலைதான் என்று உள்ளே விட்டவன் நானேதான். எல்லாருக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது. சேலை மிச்சமில்லை, அவளும் இல்லை. ஊரில் இருளாண்டி வீட்டுக்காரர்கள் அவள் வீட்டு முன்னால் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

அவள் மகள் இசைவாணி ஆமத்தூருக்கு என் வீட்டுக்கே வந்தாள். நான் இறக்கைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் சேலைகளை மூட்டையாகக் கொண்டுவந்து என் முன்னால் அவிழ்த்துக் கொட்டினாள்.

"பாருங்க மாமா. ஒண்ணாவது நைலானா? சொல்லுங்க. அம்மா தகட்டைத் தொடாம உள்ள போவாகளா? ஊரே கொலைகாரிங்குது. நீங்க பாத்தீகதானே?"

"யார்கிட்டயாவது வாங்கிக் கட்டியிருப்பா தாயி" என்றேன்.

சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து மறுபடி மூட்டை கட்டினாள். அடித்த பெயின்ட் காய்வதற்குள் மிச்சத்தையும் அடித்து முடிக்க வேண்டியிருந்தது. அவள் போகட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு விஷயத்தில் அந்தப் பெண்ணைப் பாராட்டத்தான் வேண்டும். நேராக ஆலைக்குப் போய், இடியாமல் நின்ற சுவரைச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். தகடு அப்படியே இருந்திருக்கிறது. பின்னால் கம்பி அறுந்து நின்றது. தீயில் உருகினால் முனை உருண்டு போகும். அது கட்டிங் பிளேயரால் வெட்டிய முனை, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அம்மா சாவதற்கு முன்னாலேயே வெட்டியது என்று உங்களிடம் வந்து சொன்னாள். நீங்களும் பழைய இரும்பு எடுக்கிற கண்ணுச்சாமியைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். அவன் குடிகாரன், ஆனால் இதைச் செய்யவில்லை. ஒரு பாவமும் அறியாதவன் அடி வாங்குவதை என்னால் பொறுக்க முடியாது சார். அதனால்தான் நானாகவே வந்தேன். அநியாயம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

கம்பியை வெட்டினவன் நான். மாட்டாமல் விட்டவன் நான். அவள் கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னவனும், செத்த பிறகு அவள் மேல் பழி போட்டவனும் நான்தான். மிச்சக் கம்பி வீட்டில் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. சுவரில் நிற்கிற முனையோடு வைத்துப் பாருங்கள், பொருந்தும்.

ஊசி இதோ, என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நான் கொண்டுவந்து வைத்த இந்த விமானத்தில் ஏன் இல்லை என்றுதானே பார்க்கிறீர்கள்? போன வாரம் மெட்ராசில் மாடல்காரர்கள் கூடிக் கண்காட்சி வைத்தார்கள். எடுத்துக்கொண்டு போனேன். கப்பற்படையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். மூக்கின் வளைவு அச்சாக வந்திருக்கிறது என்றார். அப்புறம் ஊசியை விரலால் தொட்டு, "இது எதுக்குங்க வச்சீங்க? பழசுக்குத்தானே உண்டு. இந்த வகையில மூக்குல ஊசியே கிடையாதே" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சார். மாரித்தாய் செத்த அன்று வராத தண்ணீர். அங்கேயே பிளேயர் வாங்கி ஊசியை நறுக்கிவிட்டேன். இப்போது விமானத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. வேண்டுமானால் யாரையாவது கூட்டி வந்து காட்டுங்கள்.

அந்த பிரவுசிங் சென்டர்காரன் மூக்கு தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். கம்பிக்குத் தேவையே இருந்திருக்காது, மாரித்தாய் இன்றைக்கும் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். அவன் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. அவனையும் விசாரியுங்கள், சார்.