உப்பு ஒத்தடம்

2025 மார்ச் 17, திங்கட்கிழமை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தெருவில் உள்ள பாவாடையின் வீட்டுக்குக் காலை ஒன்பது மணிக்குச் செவிலியர் வினோதினி வந்தார். பாவாடை ஜனவரியில் உப்பு லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருப்பவர். அமுதவல்லி அவருடைய மனைவி. வினோதினி அதற்கு முந்தைய பன்னிரண்டு நாட்கள் சென்னையில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தார்.

— போர்வைய இன்னும் மேல தூக்குங்க, அமுதாக்கா. வலது கால்ல இது என்ன?

— கொப்புளம் சிஸ்டர். மஞ்சா பூசியிருக்கேன், காஞ்சிடும்.

— மஞ்சளுக்கு அடியில என்ன இருக்குதுன்னு கேக்குறேன். தோல் உரிஞ்சு சதை தெரியுது. எப்ப ஆச்சு?

— நீங்க டிரெய்னிங் போன அஞ்சாம் நாளு, ஞாயித்துக்கிழம. நான் இன்னா சொல்றேன், ரெண்டு மாசமா காலு கட்டையாட்டம் ஜில்லுனு கெடக்குது. சூடு காட்டுனா ரத்தம் ஓடுமேன்னு உப்ப வறுத்து, துணியில கட்டி, ஒத்தடம் வெச்சேன்.

— உணர்ச்சி இல்லாத கால்ல.

— நம்ம அளத்து உப்பு சிஸ்டர். கடையில வாங்குனது இல்ல.

— எந்த உப்புன்னு நான் கேக்கவே இல்லியேக்கா.

— அவளத் திட்டாதம்மா. நான்தான் வெக்கச் சொன்னேன்.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, பாவாடைண்ணே. அக்கா, வெக்கிறதுக்கு முன்ன எவ்ளோ சூடுன்னு கையால தொட்டாவது பாத்தீங்களா?

— எங்க கையில சூடு எங்க தெரியுது? பாருங்க, செருப்புத் தோலாட்டம் இருக்குது. அளத்துல எல்லா வூட்லயும் இப்படித்தான் சிஸ்டர். சாயங்காலம் வந்து காலு கடுக்குதுன்னு படுப்பாங்க, ஒருத்தர் ஒத்தடம் வெப்போம். படுத்திருக்கிறவங்க போதும்னு சொன்னா எடுத்துடுவோம். எங்கம்மாவுக்கு நான் அப்படித்தான் வெச்சேன். இந்த மனுஷன் போதும்னு சொல்லவே இல்ல.

— எப்படிச் சொல்லுவாரு? காலு தெரிஞ்சாத்தானே சொல்லுவாரு?

— டிவியப் பாத்துட்டு ஆன்னு படுத்திருந்தாரு.

— மேட்ச்சு ஓடுச்சும்மா. கடைசி ஓவரு.

— நல்லாப் பாத்தீங்க. நான் அங்க என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? கிளாஸ் முடிஞ்சதும் கூட வந்தவங்க எல்லாம் பீச்சுக்குப் போவாங்க. நான் பெட் ஒதுக்குற டாக்டர் ரூம் வாசல்ல நிப்பேன். மூணு மாசத்துக்கு பெட் இல்லன்னாரு. எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு, முப்பத்தெட்டு வயசு, ரெண்டு பொண்ணுங்கன்னு தெனமும் போயி சொன்னேன். கடைசி நாளுதான் சரின்னாரு. வர்ற வியாழக்கிழமை பெட். ஆறு வாரம் வீல்சேர் பயிற்சி. தானா கட்டில்லேந்து எறங்கி, தானா பாத்ரூம் போகக் கத்துத் தருவாங்க. ஒரே கண்டிஷன், உடம்புல புண்ணு இருக்கக் கூடாது.

— இருந்தா?

— பெட் அடுத்த ஆளுக்குப் போயிடும். பின்னாடி எட்டுப் பேரு காத்திருக்காங்க.

— மூணு நாளு இருக்குது இல்ல சிஸ்டர்? ராவும் பகலுமா மருந்து போட்டா?

— மூணு வாரத்துல ஆறுனாலே பெருசு. போறதுக்கு முன்ன என்ன சொன்னேன்? படுக்கைப் புண்ணு வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைங்கன்னு சொன்னேனா இல்லியா?

— திருப்பினேனே! செல்லுல அலாரம் வெச்சு, ராத்திரி எல்லாம் எழுந்து திருப்பினேன். முதுகப் பாருங்க, சின்னக் கீறலு இருக்குதா? நீங்க சொன்னத எல்லாம் செஞ்சேன். ஒத்தடம் வெக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்ல.

— சொல்லலதான். இப்படி ஒண்ணு பண்ணுவீங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? முதுகு சுத்தமா இருக்குது. அதப் பாத்தா இன்னும் ஆத்திரமா வருது.

— வுடும்மா. வீல்சேரு வந்தாலும் இந்தத் தெரு மணல்ல எங்க ஓடப் போவுது?

— யோவ், வாய மூடுய்யா. பெட்டு போவுதுன்னு அவங்க சொல்றாங்க, நீ மணலப் பத்திப் பேசுற.

— சரி, இடது காலையும் காட்டுங்க. அதுல எவ்ளோ வெந்திருக்குது?

— அதுல வெக்கல சிஸ்டர்.

— ஏன், உப்பு தீந்துடுச்சா?

— இல்ல, மொதல்ல அதுலதான் வெச்சேன். வெச்ச ஒடனே எடு எடுன்னு கத்துனாரு. சுடுதாம். ரெண்டு மாசமா ஒண்ணும் தெரியாத காலு, இப்ப மட்டும் சுடுதா, நடிக்காதய்யான்னு திட்டிட்டு அந்தாண்ட காலுக்கு மாத்திட்டேன்.

— இத யாருகிட்டயாவது சொன்னீங்களா?

— இத இன்னான்னு சிஸ்டர் போயி சொல்றது?

— அண்ணே, கண்ண மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. இப்ப ஏதாவது தெரியுதா?

— எங்க?

— சரி. இப்ப?

— நீ ஆரம்பிச்சிட்டியாம்மா?

— இப்ப?

— குத்துற. கட்ட விரல்ல.

— எந்தக் கால்ல?

— எடது கால்ல. மெதுவாக் குத்து.

— இப்ப?

— கணுக்கால்ல. இன்னாத்தம்மா வெச்சிருக்க கையில?

— சேஃப்டி பின்னு. கண்ணத் தொறந்துக்கங்க.

— சிஸ்டர், அப்ப இவருக்குக் காலு தெரியுதா?

— இடது கால்ல தெரியுது. அமுதாக்கா, அங்க ரெண்டு லிஸ்ட் வெச்சிருக்காங்க. உணர்ச்சி சுத்தமா இல்லாதவங்கள வீல்சேர் பயிற்சியில போடுவாங்க. கொஞ்சமாவது திரும்பி வர்றவங்கள மறுபடி செக் பண்ணிப் பாத்து, நடைப் பயிற்சிக்குத் தயார் பண்ணுவாங்க. நாம அனுப்புற ஃபார்ம் பாத்துதான் பிரிப்பாங்க.

— இவரு ஃபார்ம்ல இன்னா போட்டிருக்குது?

— ரெண்டு கால்லயும் உணர்ச்சி இல்லன்னு.

— எந்தப் பாவி எழுதுனது?

— நான்தான்க்கா. ஜனவரியில ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டப் பாத்து அப்படியே எழுதிட்டேன். அப்ப அது சரிதான். அதுக்கப்புறம் வாரா வாரம் வந்தேன், முதுகப் பாத்தேன், பிரஷர் பாத்தேன், காலக் குத்திப் பாக்கல. பழைய சீட்ட நம்பாதீங்க, ஒவ்வொரு தரமும் நீங்களே குத்திப் பாருங்கன்னு அங்க மூணாம் நாளே சொல்லிக் குடுத்தாங்க. நோட்டுல எழுதிக்கிட்டு, கடைசி நாளு இந்த ஃபார்மக் குடுத்துட்டு வந்தேன்.

— அப்ப இவரு நடப்பாரா?

— தெரியாது. நடப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு நெசமாவே தெரியாது.

— நர்சம்மா, ஒண்ணு கேக்குறேன். மறுபடி ஒரு தரம் குத்தேன்.

— இருங்கண்ணே, டாக்டருக்கு ரிங் போவுது. ஹலோ, சார், வணக்கம். மரக்காணத்துலேந்து வினோதினி பேசுறேன். வியாழக்கிழமை பெட்ட அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க சார். பாவாடைக்கு வலது கால்ல தீப்புண்ணு இருக்குது. இடது கால்ல குத்தினா தெரியுது, புண்ணு ஆறுனதும் மறுபடி செக் பண்ணணும். ஃபார்ம்ல நான் எழுதினது தப்பு.