இலைச்சாறு

மாம்பழம் வாங்கும்போது காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து வாங்குங்கள் சார். தோலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒரு புள்ளிகூட இல்லாமல் பளபளவென்று இருந்தால், அது பெரும்பாலும் நான் மருந்து கொடுத்த தோப்புப் பழமாக இருக்கும்.

என் பெயர் கண்ணுச்சாமி. வத்திராயிருப்பில் இருபத்திரண்டு வருடமாகப் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். வாடிய இலையைக் கொண்டுவந்து நீட்டினால் நோயைச் சொல்லிவிடுவேன். ஊரில் டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். நானாகச் சொல்லிக்கொண்டதில்லை.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற மருந்துக்குத் தடை வந்தபோது என் குடோனில் நாற்பது பெட்டி இருந்தது. தடை உத்தரவை முழுதாகப் படித்தேன். கருவைக் கலைக்கும், வயிற்றில் வளர்கிற பிள்ளையின் உறுப்புகளைக் கெடுக்கும் என்று போட்டிருந்தார்கள். பாட்டிலிலும் 'கர்ப்பிணிகள் தொடக் கூடாது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதன் மேலேயே பச்சை லேபிள் ஒட்டினேன்: 'இலைச்சாறு, இயற்கைத் தயாரிப்பு.' படிக்கத் தெரிந்தவர்கள் வீணாகப் பயந்துவிடுவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த வரி எதற்கு?

மருந்து நன்றாகவே கேட்டது. மலையடிவாரத்தில் ஒரு தோப்புக் கிணற்றில் தலைப்பிரட்டைகள் கால் முளைக்காமலே செத்து மிதந்தன. தவளைச் சத்தம் ஒழிந்தது என்று தோப்புக்காரருக்குச் சந்தோஷம். இன்னும் இரண்டு பெட்டி கேட்டார்.

அந்தத் தோப்பில் மருந்து கலக்குகிறவள்தான் பரிபூரணம். வெறுங்கையால் கலக்குவாள். இரண்டு தடவை கரு தங்காமல் போனதும் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இந்த மருந்துல எதும் கோளாறு இருக்குமோ?"

"உடம்புச் சூடு தாயி. எளனி குடி."

"தோப்புல மேயிற எங்க ஆடும் ரெண்டு ஈத்துக் குட்டியக் குறையில வீசிருச்சு. அதுக்கும் எளனி குடுக்கணுமா?"

நியாயமான கேள்வி. நான் பில் போட ஆரம்பித்துவிட்டேன்.

தை மாதம் மறுபடி வந்தாள். கடைக்குள் ஏறவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, ரெண்டு மாசம் ஆகுது. இந்தத் தடவையாவது நிக்கணும். நீங்க வேண்டாம்னு சொன்னா நான் வேலைக்குப் போகல."

நான் சொல்வதை அவள் அப்படியே கேட்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மா பூத்திருந்த நேரம் அது. தத்துப்பூச்சி இறங்கி எட்டுத் தோப்புக்காரர்கள் என் கடையில் நின்றார்கள். இவள் ஒருத்தி வேலைக்குப் போகாமல் நின்றால் ஏன் நின்றாள் என்று மற்றவர்கள் கேட்பார்கள்.

"தாராளமாப் போ. வெறும் இலைச்சாறுதான்" என்றேன். வெறுங்கையோடு அனுப்பவில்லை சார், பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாசியில் அதுவும் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் காலி பாட்டிலையும் பையில் கொண்டுபோயிருக்கிறாள். நர்ஸ் அதை நனைத்து என் லேபிளை உரித்து, அடியில் இருந்த வரியை வாசித்துக் காட்டினாராம். அவள் அழவில்லை, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். பாட்டில் சோதனைக்குப் போய் ஆறு மாதம் கழித்துத்தான் நீங்கள் வந்தீர்கள். குறை சொல்லவில்லை, எல்லாம் முறைப்படிதான் நடக்கும்.

தெரிந்தா செய்தாய் என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். அதே தை மாதம் என் மருமகள் மாரிச்செல்வியும் முழுகாமல் இருந்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. மருந்து வாடையே படக் கூடாது என்று ராஜபாளையத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். பார்க்கப் போனால் 'குளிச்சுட்டுப் போ லே' என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஆடியில் பேரன் பிறந்தான். மூன்று கிலோ, ஒரு குறை இல்லை. நீங்களே சொல்லுங்கள் சார், மருந்தில் கோளாறு இருந்தால் மருந்துக்கடைக்காரன் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை பிறக்குமா?