மஞ்சள் பைக்கும் மஞ்சப்பைக்கும் வித்தியாசம் சொன்ன அன்வரி பேகம் சிஸ்டருக்கு

தோல் மணமும் பிரியாணி மணமும் போட்டியிடும் ஆம்பூர்த் தெருவில், இரண்டையும் பினாயில் மணத்தால் வென்ற பெருமாட்டியே! ஊசியை வெள்ளை டப்பாவிலும், உடைந்த கண்ணாடியை நீலப் பெட்டியிலும், எங்களை உரிய இடத்திலும் வைத்த உத்தமியே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் அன்வரி பேகம் அவர்களே, வணக்கம்!

தாங்கள் ஆற்றிய அரும்பணிகள் ஆயிரம் இருப்பினும், ஊர் பேசுவது ஒன்றைத்தான். அதை மறைத்தால் இம்மடல் பொய்யாகிவிடும். "ரத்தப் பஞ்செல்லாம் மஞ்சப்பையில போடும்மா" என்று புதிதாய்ச் சேர்ந்த முத்துமாரியிடம் சொன்னீர்கள். தாங்கள் கருதியது கழிவுக்கென்றே வரும் மஞ்சள் நிற உறையை. அவரோ, பிளாஸ்டிக்கை விட்டு மஞ்சப்பைக்குத் திரும்பச் சொல்லும் அரசு விளம்பரத்தை நம்பி, அலமாரியிலிருந்த துணிப்பைகளில் போட்டுக் கட்டிவிட்டார். அவை வீட்டுக் குப்பையோடு கலந்து பாலாற்றோரம் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு பையிலும் 'டாக்டர் அன்பரசன் இல்லத் திருமண விழா' என்று முகவரியோடு அச்சிட்டிருந்ததால், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குத் துப்பறியும் வேலையே இல்லாமல் போயிற்று!

நோட்டீஸ் வந்தது. அபராதம், உரிமம் ரத்து, மருத்துவமனைக்குப் பூட்டு என்று வரிசையாய் மிரட்டியது. மருத்துவக் கழிவைக் கொட்டினால் குண்டர் சட்டமும் பாயும் என்று யாரோ ஓத, ஐம்பது கிலோகூடத் தேறாத எங்கள் நிறுவனர், இதோ மேடையில் மாலையோடு வீற்றிருக்கும் அதே அன்பரசன் டாக்டர், "நானு குண்டரா? இன்னா பேஜாருய்யா இது!" என்று அலறினார். முத்துமாரியை வேலையை விட்டு அனுப்பி, பழியையும் அவர் தலையில் கட்டிவிடலாம் என்று நினைத்தார். கோபிக்காதீர்கள் டாக்டர், நினைத்தீர்கள்.

அம்மையீர், அப்போது விசாரணைக்குத் தாங்களே போய் நின்றீர்கள். "சொன்னது நானு சார். உறையக் காட்டிச் சொல்லல. அவ சொன்னதச் செஞ்சா, அவ்ளோதான். கழிவுக்கு ஆஸ்பத்திரிதான் பொறுப்புன்னு சட்டமே சொல்லுது. கூட்டிப் பெருக்கறவ தலையில கட்டாதீங்க" என்றீர்கள். பக்கத்தில் நின்ற டாக்டர் காசோலைப் புத்தகத்தை எடுத்தார். மருத்துவமனை அபராதம் கட்டியது. பூட்டு விழவில்லை. எங்களுக்கு அழுகை வந்தது, தாங்கள் அதற்கும் திட்டினீர்கள்.

இனி வீட்டில் கத்தரிக்காய்க் காம்பை மட்டும் தரம் பிரித்து, ஏலகிரிக் காற்று வாங்கி, நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! தங்களுக்கான சால்வை இந்த மஞ்சப்பையில் இருக்கிறது. டாக்டர் வீட்டுத் திருமணப் பைதான், இன்னும் மிச்சமிருக்கிறது. பயமின்றித் திறக்கலாம்.

ஊழியர் அனைவர் சார்பிலும்,
இன்றும் இங்கே வேலையில் இருக்கும்
முத்துமாரி