சாப்பிடக் கூடாத கடைகள்

அந்த ஃபோன மொதல்ல உள்ள வைங்கம்மா. நாலரை நட்சத்திரமாம்! யாரு குடுத்தது? பசியோட போனவன் குடுத்தது. பசிச்சவனுக்குச் செருப்ப வறுத்து வெங்காயம் தூவிக் குடுத்தாலும் நாலரை போடுவான். நான் இந்த எட்மன்டன் சுத்துவட்டாரத்துல இருபத்தாறு வருஷம் சுகாதார ஆய்வாளரா இருந்தவன். ஒரு கடையோட முன்வாசல் எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது. பின்வாசலக் கேளுங்க, கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன்.

என் பேரு மைரன். எதிர்வீடு. அந்தப் பச்சைக் கதவு. பனி தள்ளிக்கிட்டு இருந்தேன், உங்க லாரி வந்து நின்னுது, சரி யாருன்னு பார்ப்போம்னு வந்தேன். உங்க வீட்டுக்காரர் அந்த மெத்தையோட மல்லுக்கட்டட்டும். அவர் ஜெயிப்பாரு, இல்லன்னா மெத்தை ஜெயிக்கும். நீங்க ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அடுப்பு சனிக்கிழமைதான் வருதா? இன்னைக்குச் செவ்வாய். அப்ப நாலு நாளைக்கு வெளிச்சாப்பாடு. பாவம்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், கிழவன் ஏமாத்திட்டான்னு பின்னாடி பேசக் கூடாது. எங்கல்லாம் போகக் கூடாதுன்னு சொல்றது உங்களுக்காக. கடைசில ஒரே ஒரு கடைக்குப் போங்கன்னு சொல்வேன். அது எனக்காக. அங்க எனக்கு ஒரு காரியம் ஆகணும், நான் போக முடியாது. என்ன காரியமா? வரேன், வரேன். மொதல்ல உங்க உயிரக் காப்பாத்திடறேன்.

அந்த முனைல ஒண்ணு இருக்கு பாருங்க, மான் கொம்பு மாட்டி வச்சிருக்கானே. கோதுமையும் கொம்பும்னு பேரு. ஒரு மனுஷன் பெத்த பிள்ளைக்கும் கடைக்கும் வைக்கிற பேரா அது? ஞாயித்துக்கிழமை காலைல போனீங்கன்னா வாசல் வரைக்கும் கூட்டம் நிக்கும். மைனஸ் இருபத்தஞ்சுல நின்னு, முட்டை தின்ன வரிசை. உள்ள கரும்பலகைல சாக்பீஸால எழுதியிருப்பான், பண்ணையிலேர்ந்து நேரா உங்க தட்டுக்குன்னு. எந்தப் பண்ணைப்பான்னு கேட்டேன். பின்னாடி குப்பைத் தொட்டியப் போய்த் திறந்தா, நகரத்துல இருக்கிற மொத்த வியாபாரக் கிடங்கோட அட்டைப்பொட்டி. அந்தப் பண்ணைல முட்டை போடறது லாரிதான். சரி, தட்டாவது உண்டான்னா, அதுவும் கிடையாது. மரப்பலகைல வச்சுக் குடுக்கறான். பலகைல வெடிப்பு இருக்கும், வெடிப்புக்குள்ள போன வாரத்து மஞ்சக்கரு இருக்கும். மனுஷன் பத்தாயிரம் வருஷம் கஷ்டப்பட்டுத் தட்டக் கண்டுபிடிச்சான், இவன் திரும்பப் பலகைக்குப் போய்ட்டான். இதுக்குத் தாடி வேற.

சுஷியா? புடிக்குமா? ஐயோ. முட்ட முட்டத் தின்னாலும் ஒரே விலைன்னு போட்டிருக்கானே, அதுவா? கடல் இங்கேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரும்மா, நடுவுல ஒரு மலைத்தொடரு வேற. அந்த மீனு அவ்வளவு தூரம் வந்து, ஒரே விலைக்கு முட்ட முட்டக் கிடைக்குதுன்னா, அது எத்தனை நாள் பயணம் பண்ணியிருக்கும்னு நீங்களே யோசிங்க. நம்மளவிட அதிகம் ஊரு பார்த்த மீனு.

டோனேர் கடைக்குப் போகாதீங்க. காரணமா? சுத்துதே அந்தக் கறிக்குண்டு, அதுக்கு வெளியில ஜூலை மாசம், உள்ள பிப்ரவரி மாசம். அவ்வளவுதான் சொல்வேன்.

அப்புறம் யாராவது உங்ககிட்ட வந்து, வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்துல பெரோகி, அதான் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, போடறாங்க, எல்லாம் பாட்டிமாருங்க கைப்பக்குவம்னு சொல்வாங்க. எங்க கோயில்தான், நான் ஞானஸ்நானம் வாங்கின கோயில். நானே சொல்றேன். ஒருத்தியும் கையுறை போட மாட்டா. ஏம்மான்னு கேட்டா, கர்த்தர் பார்த்துக்குவார் மைரன்னு சொல்றாங்க. கர்த்தரு என்னைக்கு எங்க இலாகால வேலை பார்த்தாரு?

சிரிக்கிறீங்க. சிரிங்க. நான் வேலைல இருந்தப்ப யாரும் சிரிக்க மாட்டாங்க. என் வண்டி தெருவுல திரும்பினாலே கடைக்குக் கடை ஃபோன் பறக்கும். மைரன் வரான், மைரன் வரான்னு. பீட்சாக் கடை தனாசி, கிரேக்கத்துக்காரன், அவன் என்னப் பார்த்தா வாசல்லயே நின்னு கத்துவான். வாங்கய்யா, சுத்தம், எல்லாம் சுத்தம், தரைல விழுந்து நக்கலாம்யான்னு. சுத்தமா இருக்கறவன் எதுக்கும்மா கத்தறான்? ஒருநாள் அவன் ஃபிரிட்ஜத் திறந்தேன், பதினோரு டிகிரி. நாலுக்குக் கீழ இருக்கணும். உள்ள முப்பது கிலோ சீஸ். கொட்டுன்னேன். கால்ல விழாத குறை. கொட்டச் சொல்லிட்டு வந்துட முடியாது பாருங்க, நாம இந்தப் பக்கம் திரும்பினா அந்தப் பக்கம் எடுத்து வச்சுக்குவான். அதனால குப்பைல போட்டு, மேல பிளீச்ச ஊத்தணும். நம்ம கையால. அப்புறம் நாய் கூடத் தொடாது. பிளீச் டப்பா எப்பவும் என் வண்டிப் பின்னாடி இருக்கும். தனாசி அழுதான். நான் ஊத்தினேன். அழுதா டிகிரி இறங்குமா?

எது, கடப்பாரை ஆணி விக்கிற கடைக்குப் பக்கத்துலயா? மஞ்சத் திரை போட்டதா? வரும்போதே பார்த்துட்டீங்களா. வெளியில ஆளு நின்னாங்களா? எவ்வளவு பேரு? பத்துக்கு மேலயா? செவ்வாய்க்கிழமை மத்தியானத்துலயா?

ம். அது... சூப்புக் கடை. சூப்பும் ரொட்டியும்தான், வேற ஒண்ணும் கிடையாது. நல்லா இருக்குமான்னு என்னக் கேக்காதீங்க. அதுதான் நான் சொன்ன கடை.

என் பொண்ணு கடை. லரிஸா. ஒரே பொண்ணு.

இல்ல, பேசறது இல்ல. நாலு வருஷம் ஆச்சு. அவ அம்மா போய்ச் சேர்ந்துட்டா, அதுக்கு முன்னாடியே. அதனால நடுவுல நின்னு சமாதானம் பேசவும் ஆள் கிடையாது. ஆறு நிமிஷம் இங்கேர்ந்து அந்தக் கடை. ஆறு நிமிஷத்துக்கு நாலு வருஷம்.

என்ன சண்டைன்னா... சண்டை இல்லம்மா. சட்டம். அவ கடை திறந்த மொத நாளு, ஆய்வுக்கு ஆள் போகணும். சொந்தக்காரங்க கடைன்னா நாம போகக் கூடாது, ஆபீஸ்ல சொல்லி வேற ஆளப் போடச் சொல்லணும். அது விதி. ஆனா அவளுக்குப் புருஷன் வீட்டுப் பேரு, ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. நான் சொல்லல. ஏன்னா சொல்லி, வேற ஒருத்தன் போனா மைரன் பொண்ணாச்சேன்னு கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு, ஒரு கிண்ணம் ஓசில குடிச்சிட்டு வருவான். என் பொண்ணுக்கு அப்படி ஒரு கையெழுத்து வேணாம்னு நெனச்சேன். இருபத்தாறு வருஷத்துல நான் மீறின விதி அது ஒண்ணுதான்.

போனேன். உள்ள அம்பது பேரு. பாதிப் பேரு கடைக்காரங்க. தனாசி நிக்கறான், பூங்கொத்தோட. அந்தக் கொம்புக்காரன் நிக்கறான். அவ என்னப் பார்த்துட்டு, அப்பா வந்துட்டார்னு சிரிக்கறா. நான் அப்பாவா வந்திருக்கேன்னு நெனச்சுட்டா. நான் கோட்டுக்குள்ளேர்ந்து தெர்மாமீட்டர எடுத்தேன்.

பெரிய பாத்திரத்துல போர்ஷ்ட், எங்க ஊரு பீட்ரூட் சூப்பு. நாப்பது லிட்டரு. செக்கச் செவேல்னு. சூட்டோட வைக்கிற சாமான் அறுபது டிகிரிக்கு மேல இருக்கணும். நாப்பத்தெட்டு காட்டுச்சு. திரும்ப வச்சேன். நாப்பத்தெட்டு.

அவ கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. அப்பா, எல்லா மெஷினையும் ஒரே நேரத்துல போட்டோம், கரண்டு போயிடுச்சு, அரை மணி நேரம்தான் ஆச்சு. திரும்பக் கொதிக்க வச்சுடறேன்னா. அரை மணி நேரம்னா கொதிக்க வைக்கலாம். விதில இடம் இருக்கு. ரெண்டு மணி நேரம் வரைக்கும் இருக்கு.

எழுதி வச்சிருக்கியான்னு கேட்டேன். எப்ப நின்னுதுன்னு நேரம் எழுதணும். எழுதல. மொத நாளு, அம்பது பேரு நிக்கறாங்க, எங்க எழுதறது. எழுதலன்னா எனக்கு அரை மணியும் ஒண்ணுதான், அரை நாளும் ஒண்ணுதான்.

அவ பொய் சொல்ற பொண்ணு இல்லம்மா. சின்ன வயசுல கூடச் சொன்னதில்ல, கண்ணாடி ஒடஞ்சா அவளே வந்து ஒடச்சேன்னு நிப்பா. அரை மணின்னா அரை மணிதான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். பின்னாடி தனாசி நிக்கறான் பூங்கொத்தோட. என் கையையே பார்க்கறான். அவன் சீஸுக்கு ஒரு நியாயம், என் பொண்ணு சூப்புக்கு ஒரு நியாயமான்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க. என் பேரு இருக்கே. மைரன்.

வண்டிக்குப் போய் டப்பாவ எடுத்துட்டு வந்தேன்.

போர்ஷ்ட்ல பிளீச் ஊத்திப் பார்த்திருக்கீங்களா? அந்தச் செகப்பு இருக்கே, அப்படியே வெளுத்துக்கிட்டே போகும். ஆரஞ்சாகி, அப்புறம் பழுப்பாகி, சாக்கடைத் தண்ணி மாதிரி ஆயிடும். அம்பது பேரும் பார்த்தாங்க. தனாசிதான், அந்த மடையன்தான், அந்தப் பூங்கொத்த மேஜைல வச்சுட்டு அவ தோள்ல கை போட்டான். நான் போடல. நான் படிவம் எழுதிக்கிட்டு இருந்தேன்.

ஐயோ, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் ஆறுதலுக்குச் சொல்லல. காரியத்துக்கு வரேன்.

உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல வெய்ன்னு ஒருத்தர் இருந்தாரு. ரயில்வேல வேலை. வியாழக்கிழமை லீவு. அவளும் வியாழக்கிழமைதான் போர்ஷ்ட் போடுவா. அவரு ரெண்டு வாங்கிட்டு வருவாரு, ஒண்ணு அவருக்கு, ஒண்ண எனக்குக் குடுத்துட்டுப் போவாரு. அவரு என் எதிர்வீடுன்னு அவளுக்குத் தெரியும், ஆனா ரெண்டாவது யாருக்குன்னு அவ கேக்கல, அவரும் சொல்லல. ரெண்டு மாசம் போச்சு. ஒரு வாரம் பார்த்தா என் கிண்ணத்து மூடி மேல கறுப்பு மையில எம்பத்திரெண்டுன்னு எழுதியிருக்கு. ஆர்டர் நம்பருன்னு நெனச்சேன். வெய்ன் கிண்ணத்துல ஒண்ணும் இல்ல. அடுத்த வாரம் எழுபத்தொம்பது. அதுக்கு அடுத்த வாரம் எம்பத்தஞ்சு.

புரியலையா? டிகிரி. ஊத்தும்போது எவ்வளவு சூடுன்னு.

எனக்கே மூணாவது வாரம்தான் உறைச்சுது. அப்புறம் ஒவ்வொரு வியாழனும். ஒரு வருஷத்துக்கு மேல. வேற யாரு மூடிலயும் எழுதறது இல்லைன்னு வெய்ன் சொன்னாரு. அது திட்டறதா, குத்திக் காட்டறதா, இல்ல வேற ஏதாவதா, எனக்குத் தெரியல. வாழ்நாள் பூரா டிகிரி படிச்சவன் நான். அது மட்டும் படிக்க வரல.

மூடியெல்லாம் கழுவி வச்சிருக்கேன். எதுக்குன்னு கேக்காதீங்க.

ஜனவரில வெய்ன் மகன் வீட்டுக்குப் போயிட்டாரு. எட்டு வாரம் ஆச்சு.

நானே போகலாம்தான். போனேனே. ரெண்டு தடவை போய் வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். நான் உள்ள போய் நின்னா அவ எழுத வேண்டியதில்ல பாருங்க. மூஞ்சிக்கு நேரா ஏதாவது சொல்லணும். போங்கன்னு சொல்லிட்டான்னா? அதுக்கு மேல எனக்கு எந்தப் பின்வாசல் இருக்கு?

நாளான்னைக்கு வியாழன். பன்னெண்டுக்கு முன்னாடி போயிடுங்க, அப்புறம் தீந்துடும். வெய்ன் இருந்த வீட்டுக்குக் குடி வந்திருக்கோம்னு சும்மா பேச்சுவாக்குல சொல்லுங்க. ரெண்டு வாங்குங்க. என் பேரு வேணாம்.

பீட்ரூட் புடிக்காதா? அதனால என்ன, உங்க வீட்டுக்காரருக்குக் குடுங்க, ரெண்டையுமே அவர் குடிக்கட்டும். மெத்தை தூக்கினவருக்குப் பசிக்கும். எனக்கு அந்த மூடி மட்டும் போதும். கழுவ வேணாம், நான் கழுவிக்கறேன்.

ஒண்ணும் எழுதலன்னா வெறும் மூடியாவே கொண்டாங்க. கிழவன் பாவம்னு நீங்களா ஒரு நம்பரக் கிறுக்கிடாதீங்க, கண்டுபிடிச்சுடுவேன். அவ ஏழு போட்டா நடுவுல ஒரு சின்னக் கோடு போடுவா. நான் கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தது அது.