அஞ்சு நாள் ஈரம்

சுமித்திரா: ...கொடியிலை இடமில்லை மச்சாள். அந்தப் போர்வையைக் கதிரையிலை போடுங்கோ.

பிரேமிளா: கதிரையிலை தலையணை கிடக்கு.

சுமித்திரா: அப்ப வேலியிலை போடுங்கோ. எனக்கென்ன. கண்டாவளை ஊர் முழுக்கப் பாக்கட்டும், சுமித்திராவின்ரை மகள் அஞ்சு வயசிலையும் பாய் நனைக்கிறாள் எண்டு.

பிரேமிளா: மெல்லக் கதை. பிள்ளை உள்ளுக்கை நிக்கிறாள்.

சுமித்திரா: நிக்கட்டும். கேக்கட்டும்.

பிரேமிளா: பன்ரண்டு நாள் ஒரு சொட்டு இல்லாமல் கிடந்தவளெல்லே...

சுமித்திரா: பன்ரண்டுதான். கலண்டரைப் பாருங்கோ, பன்ரண்டு நட்சத்திரம் ஒட்டிக் கிடக்கு. பேந்து இந்த அஞ்சு நாளும் வெறுமை.

பிரேமிளா: கிளினிக் மிட்வைவ் மிஸ்ஸைக் கேட்டனியோ?

சுமித்திரா: அவாக்கென்ன, சொல்லிப்போட்டுப் போவா. பிள்ளையை ஏசிப் பேசாதேங்கோ, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தண்ணியைக் குறையுங்கோ, படுக்க முதல் சலத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ... எல்லாம் செய்தாச்சு. பேசாமலும் இருந்து பாத்தாச்சு.

பிரேமிளா: ஆர், நீ? பேசாமல்?

சுமித்திரா: ரண்டு நாள் இருந்தனான்.

பிரேமிளா: ரண்டு நாளோ! பெரிய பொறுமைதான்.

சுமித்திரா: பகிடி விடாதேங்கோ மச்சாள், விசர் வருது. முன்வீட்டுப் பேச்சியம்மா நூல் கட்டச் சொன்னா, கட்டினன். உங்கடை தம்பி வத்தகைப்பழம் முழுக்கத் தண்ணி, குடுக்காதை எண்டார், நிப்பாட்டினன். இந்த வெயிலுக்கு வத்தகைப்பழம் தின்னாத ஒரே பிள்ளை இவள்தான்.

பிரேமிளா: அவன் எங்கை, என்ரை தம்பி?

சுமித்திரா: விடியவே வயலுக்குப் போயிட்டார். இந்தச் சத்தம் கேக்கேலாதாம்.

பிரேமிளா: கெட்டிக்காரன்... சரி, இதை விடு. திங்கட்கிழமை காலமை நீ வவுனியாவிலை நிக்கவேணும். நேர்ஸ் பயிற்சிக்கு எடுபட்டிருக்கிறாய். எத்தினை வருசம் காத்துக்கொண்டிருந்தனி? அதை யோசி. பெட்டி அடுக்கியாச்சோ?

சுமித்திரா: பெட்டியோ... இந்தப் பாயோடை நான் எங்கை போறது?

பிரேமிளா: பாயை நீ ஏன் கொண்டு போறாய்? நீ ஹொஸ்டலிலை நிக்கிற நாளெல்லாம் பிள்ளை உருத்திரபுரத்திலை என்னோடை நிப்பாள். அது அப்பவே பேசி முடிச்ச கதை.

சுமித்திரா: உங்கடை மெத்தை புதுசு.

பிரேமிளா: பொலித்தீன் விரிப்பன்.

சுமித்திரா: பொலித்தீனிலை படுத்தால் வேர்க்கும்.

பிரேமிளா: அதுக்கு மேலை சீலை விரிப்பன்.

சுமித்திரா: உங்கடை அவருக்கு மணம் பிடிக்காது...

பிரேமிளா: அந்த மனிசன் நாள் முழுக்க மாட்டுப்பட்டியிலை கிடக்கிறவர். அவருக்கு மணமோ! என்னடி நீ, ஒண்டைச் சொன்னால் இன்னொண்டைத் தூக்கிப் போடுறாய்?

சுமித்திரா: நான் உள்ளதைச் சொல்லுறன். பாய் நனைக்கிற பிள்ளையை இன்னொரு வீட்டிலை விட்டிட்டுப் போக எனக்கு மனம் வராது. அடுத்த முறை கூப்பிட்டால் பாப்பம்.

பிரேமிளா: அடுத்த முறை உனக்கு வயசு கூடிப்போம். இந்த முறையே ரண்டு மாசத்தாலை தப்பினனி.

சுமித்திரா: அப்ப விடுவம். ஒரு தாய்க்குப் பிள்ளையை விட வேறை என்ன...

பிரேமிளா: உந்தக் கதையை என்னட்டைக் கதையாதை. கொண்டா அந்தப் பாயை. நான் கிணத்தடியிலை போட்டு உரஞ்சித் தாறன்.

சுமித்திரா: வேண்டாம். வையுங்கோ. நான் கழுவுவன்.

பிரேமிளா: விடு கையை... எடி, விடன்! ...ஓ. இதென்ன?

சுமித்திரா: என்ன?

பிரேமிளா: தலைமாடு நனைஞ்சு கிடக்கு. கீழ்ப்பக்கம் காய்ஞ்சு கிடக்கு.

சுமித்திரா: நித்திரையிலை உருண்டிருப்பாள்.

பிரேமிளா: தலைகீழாவோ? ...பொறு, பொறு. மணமும் இல்லை.

சுமித்திரா: உங்களுக்குத் தடிமன், மூக்கடைப்பாக்கும்.

பிரேமிளா: எனக்கொரு தடிமனும் இல்லை. யது! யதுக்குஞ்சு! இஞ்சை வா மாமியட்டை.

யது: நான் ஒண்டும் செய்யேல்லை.

பிரேமிளா: நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே. கிட்ட வா... இது இரவு போட்டுக்கொண்டு படுத்த காற்சட்டைதானே? நல்லாக் காய்ஞ்செல்லே கிடக்கு.

சுமித்திரா: விடிய நான் மாத்தி விட்டனான்.

யது: இல்லையம்மா, நீங்கள் மாத்தேல்லை. இது கரடிக் காற்சட்டை. இதோடைதான் படுத்தனான்.

சுமித்திரா: நீ வாயை மூடு!

பிரேமிளா: அவளை ஏன் வெருட்டுறாய்? யது, மாமிக்குச் சொல்லுங்கோ. பாயிலை என்ன ஊத்தினனீங்கள்? மாமி பேசமாட்டன்.

யது: அம்மா பேசுவா.

பிரேமிளா: அம்மா உங்களைப் பேசினால் மாமி அம்மாவைப் பேசுவன்.

யது: கனக்கப் பேசுவீங்களோ?

பிரேமிளா: கனக்க.

யது: ...தண்ணி.

பிரேமிளா: என்ன தண்ணி?

யது: போத்தல் தண்ணி. முன்பள்ளிக்குக் கொண்டு போற, மீன் படம் போட்ட போத்தல். அம்மா குசினிக்கை தேத்தண்ணி போடேக்கை ஊத்துறனான்.

பிரேமிளா: ஏன் குஞ்சு அப்பிடிச் செய்தனீங்கள்?

யது: நீங்கள்தானே சொன்னனீங்கள்.

பிரேமிளா: நானோ!

யது: அண்டைக்கு வந்து, நட்சத்திரமெல்லாம் எண்ணிப்போட்டுச் சொன்னனீங்கள். "யது இப்ப பாய் நனைக்கிறேல்லை, இனி அம்மா பயப்பிடாமல் போகலாம்" எண்டு. நனைஞ்சு கிடந்தால் அம்மா போகேலாதெல்லோ.

பிரேமிளா: ஐயோ... இந்த வாயை என்ன செய்யிறது...

சுமித்திரா: இஞ்சை வா, யது.

யது: அடிப்பீங்களோ?

சுமித்திரா: அடிக்கமாட்டன். வந்து மடியிலை இரு. ...தலையெல்லாம் ஈரம். அதுக்குமேலை படுத்தோ கிடந்தனி?

யது: ஓம். குளிர்ந்தது.

பிரேமிளா: கொஞ்சம் பொறு. அந்த மீன் போத்தலின்ரை மூடி எனக்கே திறக்கேலாது. போன கிழமை பல்லாலை கடிச்செல்லோ திறந்தனான். நீ எப்பிடித் திறந்தனி?

யது: அப்பா திறந்து தந்தவர்.

பிரேமிளா: ஆர்... அப்பாவோ? பாவம், குடிக்கவெண்டு நினைச்சிருப்பான்.

யது: முதல் நாள் "குடிக்கவோ" எண்டு கேட்டவர். நான் இல்லையெண்டு சொன்னனான்.

பிரேமிளா: பேந்து?

யது: பேந்து கேக்கேல்லை. தானே திறந்து பாய்க்குப் பக்கத்திலை வைச்சிட்டுப் போவார்.

பிரேமிளா: அட தம்பி வினோதா! வரட்டும் வயலாலை, வரட்டும். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் "என்ரை மனிசி நேர்ஸா வருவா" எண்டு சந்திக்குச் சந்தி சொல்லித் திரிஞ்சவன்... இப்ப மூடி திறந்து குடுக்கிறாரோ!

சுமித்திரா: அவரைப் பேசாதேங்கோ மச்சாள்.

பிரேமிளா: ஏன் பேசக்கூடாது? கிழிகிழியெண்டு கிழிக்கப்போறன்.

யது: அம்மா... நான் இனி ஊத்தமாட்டன். நீங்கள் போகாதேங்கோ.

சுமித்திரா: ...யது, அம்மாவைப் பார். நீ பாய் நனைச்சாலும் அம்மா படிக்கப் போவன். நனைக்காட்டிலும் போவன். எப்பிடியெண்டாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸிலை வந்து இறங்குவன். விளங்குதோ?

யது: வெள்ளிக்கிழமைக்கு எத்தினை நித்திரை?

சுமித்திரா: திங்கட்கிழமையிலை இருந்து நாலு.

யது: உண்மையா நனைஞ்சிட்டால்? நித்திரையிலை, எனக்குத் தெரியாமல்?

சுமித்திரா: நனைஞ்சால் மாமி உடுப்பு மாத்தி விடுவா.

பிரேமிளா: மாத்தி விட்டிட்டுப் பக்கத்திலை படுப்பன். ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்.

யது: மீன் போத்தலும் கொண்டு வரட்டோ?

பிரேமிளா: கொண்டு வா தாயே. மூடியை மட்டும் இறுக்கிப்போட்டுக் கொண்டு வா.

யது: கோழிக்குத் தீன் போடவேணும். போகட்டோ?

சுமித்திரா: முதல் போய்த் தலையைத் துடை. ...ஓடு.

பிரேமிளா: சுமித்திரா.

சுமித்திரா: ம்...

பிரேமிளா: நிலத்தைப் பாக்காதை. என்னைப் பார். நான் ஒருக்கா மூக்கை வைச்சன், பிடிச்சிட்டன். நீ அஞ்சு நாள் தூக்கித் தூக்கிக் கழுவினனி. உனக்கு எப்பிடியடி தெரியாமல் போனது?

சுமித்திரா: பாயைத் தாங்கோ, வெயிலிலை போடுவம்.

பிரேமிளா: பாய் கிடக்கட்டும். காற்சட்டை மாத்தினனான் எண்டு பொய் வேறை சொன்னனி. ஏன்?

சுமித்திரா: ...முதல் நாள் விடியவே தெரியும் மச்சாள், வெறும் தண்ணி எண்டு. கழுவவே இல்லை. சும்மா சத்தம் போட்டுக்கொண்டு கொடியிலை தூக்கிப் போட்டனான்... நாலு பேருக்குக் கேக்கட்டும், பிள்ளையாலைதான் சுமித்திரா போகேல்லை எண்டு சொல்லட்டும் எண்டு. புத்தகத்தைத் தொட்டு எட்டு வருசம். பத்தொம்பது இருவது வயசுப் பிள்ளையளுக்குப் பக்கத்திலை போயிருந்து, கேள்வி கேட்டால் நான் என்ன சொல்லப்போறன்? பயந்தது நான் மச்சாள்... அஞ்சு நாளும் பேச்சு வாங்கினது அவள்.