தொட்டில் ஜோடியில் ஈயம் எதற்கு?

ஸ்கார்பெக் ஊர் மண்டபத்தின் தலைமை நாற்காலியைத் தம் பின்னல் ஊசிகளோடும் கம்பளி உருண்டையோடும் சேர்த்து அலங்கரித்துக்கொண்டிருக்கும் எங்கள் அன்புத் தலைவி திருமதி வினிஃப்ரெட் டின்ஸ்டேல் அவர்களே! முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி வீற்றிருக்கும் மூத்தோரே! துப்பாக்கி பிடித்துத் தோள் பழுத்த தோழர்களே! தடியெடுத்துப் புதரடித்துப் பறவையைப் பறக்கவைக்கும் என் விரட்டுப் படையின் வீரர்களே! நாயை வாசலில் கட்டிவிட்டு மனத்தையும் அங்கேயே விட்டுவந்திருக்கும் நண்பர்களே! பின்சுவர் ஓரமாகத் தேநீர்ப் பானைக்குக் காவல் நிற்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் மடியில் மகளோடு அமர்ந்திருக்கும் என் தங்கை பெற்ற செல்வமே, பிரையனி! உங்கள் அனைவருக்கும் இந்த ஜோசியா கேல்வர்ட்டின் தொப்பி கழற்றிய வணக்கம்.

சுருக்கமாகப் பேசும்படி தலைவி சொல்லியிருக்கிறார். சுருக்கம் என் உடம்போடு பிறந்தது. சிரிக்காதீர்கள்.

இன்று நாம் எதற்குக் கூடியிருக்கிறோம்? வருகிற சீசன் தொடங்கி நம் வேட்டையில் கடுகு கடுகாக ஈய ரவை அடைத்த தோட்டா இருக்கலாமா, கூடாதா? அதற்குத்தான் கை தூக்கப் போகிறோம். இங்கிலாந்து முழுக்க இந்தப் பேச்சு நடக்கிறது. பத்திரிகையில் நடக்கிறது, பாராளுமன்றத்தில் நடக்கிறது, மதுக்கடையில் மேசையைக் குத்திக் குத்தி நடக்கிறது. சட்டம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள் சிலர். ஐயா, அடுப்பில் பால் பொங்கினால் சட்டம் வரும்வரை பார்த்துக்கொண்டா நிற்பீர்கள்?

இதைப் பேச எனக்கு என்ன தகுதி? கேட்கலாம். பள்ளிக்கூடமும் நானும் பதினைந்து வயதிலேயே கைகுலுக்கிக்கொண்டு பிரிந்துவிட்டோம். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் நான் கிளப்பிவிட்ட ஃபெசன்ட் என்னும் வேட்டைக் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தால் லண்டனில் இருட்டிவிடும். ஒருமுறை நான் சுட்ட கோழி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது. கையில் எடுத்தபோது சிறகில் பனி உறைந்திருந்தது. சாட்சி கேட்காதீர்கள், சாட்சியைச் சாப்பிட்டுவிட்டோம். ஆகவே, நகரத்திலிருந்து நோட்டீஸ் கொடுக்க வந்தவன் இல்லை நான். துப்பாக்கியை வெறுப்பவன் இல்லை. வெடிமருந்து வாசனைக்கு மயங்கி வளர்ந்தவன். அந்த வாயால்தான் சொல்கிறேன்: ஈயம் போதும்.

போதும் என்றதும் யார் தொண்டையைக் கனைப்பார் என்று எனக்குத் தெரியும். என் தங்கையைக் கட்டியவர், பிரையனியைப் பெற்றவர், இந்தப் பள்ளத்தாக்கிலேயே குறி தவறாத கைக்காரர், மச்சான் எர்னஸ்ட் சவர்பி! கனைத்தது போதும் மச்சான், வாயைத் திறந்தே சொல்லுங்கள்.

என்ன சொல்கிறார்? கேட்டீர்களா? “எங்கப்பாவோட துப்பாக்கிடா அது! எஃகு ரவையப் போட்டா குழல் கீறிப்போயிரும். ஒன் தகரத்துக்காக அதைக் குழி தோண்டிப் பொதைக்கணுமா?” என்கிறார். நியாயமான கேள்வி. பழைய துப்பாக்கிக்கு எஃகு ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகவே பிஸ்மத் என்று ஒரு மெத்தென்ற உலோகத்தில் ரவை வருகிறது. விலை கூட. கூடத்தான். குறைவாகச் சுடுங்கள் மச்சான், குறி பார்த்துச் சுடுங்கள், நீங்கள்தான் குறி தவறாதவர் ஆயிற்றே!

எஃகு தூரம் போகாது, பறவை காயத்தோடு பறந்து புதரில் கிடந்து சாகும் என்கிறார்கள் இன்னும் சிலர். அதுவும் அற்பக் கவலை அல்ல. காயப்பட்ட பறவையைத் தேடி முட்புதரில் முகம் கிழித்துக்கொண்டவன் நான். அதற்கு வழி, கிட்டே வரும்வரை பொறுத்திருப்பது. மேகத்தில் போகிற கோழியை மேகத்துக்கே விட்டுவிடுவது. பொறுமை இல்லாதவனுக்கு ஈயம் கொடுத்தாலும் காயம்தான், வைரம் கொடுத்தாலும் காயம்தான்.

ஒன்றை யோசியுங்கள். காட்டு வாத்தை ஈயத்தால் சுடக் கூடாது என்று இந்நாட்டில் எப்போதோ சட்டம் வந்துவிட்டது. ஏன் வந்தது? பறவைக்குப் பல் இல்லை. சின்னக் கல்லைப் பொறுக்கி விழுங்கி, இரைப்பையில் வைத்து இரையை அரைக்கும். சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று நம்பி விழுங்கும். அது அரைந்து, கரைந்து, இரத்தத்தில் கலந்து, கழுத்தைத் தூக்க முடியாமல் கரையில் கிடக்கும் அன்னத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். கையில் ஏந்தியிருக்கிறேன். வாத்தின் வயிற்றில் நஞ்சாக இருப்பது கோழியின் வயிற்றில் தேனாகுமா? குளத்தில் விழுந்தால் குற்றம், வயலில் விழுந்தால் வரமா? பறவைக்கு ஆகாதது, பறவையைத் தின்னும் நமக்கு மட்டும் ஆகுமா?

ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் ஈயக் குழாய்த் தண்ணீர் குடித்துத்தான் புத்தி கெட்டார்கள் என்று வானொலியில் கேட்டேன். பாதியில் கெட்டில் கூவிவிட்டது. மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். அந்தச் சக்கரவர்த்திகள் கிடக்கட்டும். நம் வீட்டுக்கு வருவோம்.

பெரியோரே, தாய்மார்களே! நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. சீசனில் நம் வீட்டுப் பெண் ஒருத்தி உண்டாகியிருந்தால், வேட்டை முடிந்ததும் அவளைப் பெற்றவரோ கட்டியவரோ ஒரு சேவலும் ஒரு பெட்டையுமாகக் கட்டித் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பார். தொட்டில் ஜோடி! அதை வாங்க மறுத்த பெண் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. மறுத்தால் கொடுத்தவர் முகத்தில் அறைந்தது போல. எவ்வளவு அழகான வழக்கம்! இதைப் போல ஒரு வழக்கம் பக்கிங்காம் அரண்மனையில்கூட இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

ஆனால் அந்த ஜோடி எங்கிருந்து வருகிறது? வேட்டை முடிந்ததும் கோழிகளைப் புல்லில் வரிசையாகக் கிடத்துகிறோம். வியாபாரியின் வண்டி வருகிறது. மேனி கிழியாத கோழியை அவன் எடுத்துக்கொள்கிறான். கிட்ட நின்று சுட்டதில் நெஞ்சு நொறுங்கி ரவை நிறைந்த கோழியைத் தள்ளிவிடுகிறான். தள்ளியதில் கொழுத்ததை எடுத்துத் தொட்டில் ஜோடி கட்டுகிறோம்! கடைக்கு ஆகாதது கருவுக்குப் போகிறது! காசு கொடுப்பவனுக்குச் சுத்தமான இறைச்சி. கண்ணுக்குக் கண்ணான மகளுக்கு ஈயம் தூவிய இறைச்சி! இந்தத் தவற்றைச் செய்ய உலகத்தில் நம்மைத் தவிர வேறு யாரால் முடியும்?

போன குளிர்காலம் பிரையனி உண்டாகியிருந்தாள். வாராவாரம் மச்சான் தொட்டில் ஜோடியோடு போய் நின்றார். அவளும் வாராவாரம் சூப்பு வைத்தாள், இறைச்சியை மாவுக்குள் மூடிப் பை என்னும் பலகாரம் சுட்டாள். ஒருநாள் மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈயம்! இருக்கக் கூடாத அளவுக்கு ஈயம்! எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்கிறார். பழைய வீடா? பழைய குழாயா? பழைய பெயிண்ட்டா?

மச்சான் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுத் தரையைப் பெயர்த்தார். மகளின் சமையலறையில் மண்டியிட்டு, பாட்டன் காலத்து ஈயக் குழாயை முழுசாகப் பிடுங்கி எறிந்தார். கூடவே நானும் இருந்தேன். கடினமான பகுதியெல்லாம் நான்தான் பிடுங்கினேன். இல்லை என்று தலையாட்டாதீர்கள் மச்சான், மேடை என்னுடையது.

மதியம் ஆயிற்று. பிரையனி கூப்பிட்டாள். “அப்பா, மாமா, கைய கழுவிட்டு வாங்க. பை ஆறிடும்.” என்ன பை? கோழிப் பை! மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். மச்சான் பல்லில் ‘டிங்’ என்று ஒன்று பட்டது. வாயிலிருந்து எடுத்தார். ஈய ரவை! ரவை கிடைத்தவனுக்குத்தான் கடைசியில் வரும் கஸ்டர்ட் இனிப்பு முதலில் என்பது நம் வீட்டுச் சட்டம் அல்லவா? தட்டோரத்தில் வைத்துவிட்டுக் கூவினார்: “எனக்குத்தான் மொதல்ல! ஊத்தும்மா கஸ்டர்ட!” நான் விடுவேனா? “அநியாயம் மச்சான், நீங்க சட்டைப் பையிலேர்ந்து எடுத்துப் போட்டிருப்பீங்க!” என்றேன். பிரையனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தரையில் ஈயத்தைத் தேடி, தட்டில் ஈயத்தைத் தின்றோம்! ரவை தட்டோரத்துக்கு வந்துவிட்டது, விஷயம் முடிந்தது என்று நம்பினோம்.

புதுக் குழாய் போட்டாயிற்று. மறுபடி இரத்தம் எடுத்தார்கள். அளவு இறங்கவே இல்லை.

அந்த வாரம் என் நாய் வேலி தாண்டித் தோளைப் பிசகிக்கொண்டது. கால்நடை மருத்துவர் மிஸ் ஹெஸ்கெத்திடம் தூக்கிப்போனேன். அந்த அம்மா நமக்கு ஆகாத பக்கத்து மாவட்டம் லங்காஷயர்க்காரர், ஆனாலும் நல்லவர். எக்ஸ்ரே எடுத்தார். என் நாயின் எலும்பைத் திரையில் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய் பிரையனி வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு கோழி நெஞ்சைக் கொண்டுவந்தேன். ரவையெல்லாம் நோண்டி எடுத்துக் கழுவி வைத்திருந்த நெஞ்சு.

“இதையும் ஒரு படம் புடிங்க டாக்டரம்மா.”

“இது ஏற்கெனவே செத்துப்போச்சே மிஸ்டர் கேல்வர்ட், இதுக்கு என்ன வைத்தியம் பாக்கணும்?”

“வைத்தியம் அதுக்கில்ல, எங்களுக்கு.”

திரையில் படம் வந்தது. திரையில் மூக்கு ஒட்டப் பார்த்தேன். அமாவாசை வானம்! கறுப்பு இறைச்சிக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ரவை போன பாதை நெடுகப் பொடி. கத்தி நுனியில் அகப்படாத பொடி, பல்லில் இடறாத பொடி, நாக்குக்குத் தெரியாத பொடி. “ஈயம் மிருதுவானது, எலும்புல பட்டதும் பொடிஞ்சிடும். நீங்க வெளிய எடுக்கறது மிச்சம்தான்” என்றார் அந்த அம்மா. டிங் என்று சத்தம் போட்டது நல்ல ரவை, தாய்மார்களே. சத்தம் போடாதது உள்ளே போய்விட்டது.

சீசன் முடிந்து புது ஜோடி வருவது நின்றிருந்தது; பிரையனி இருந்த கோழியையும் தின்பதை நிறுத்தினாள். அளவு இறங்கியது. மகள் பிறந்தாள். ஐவி. அதோ, தாயின் பொத்தானைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறாளா? பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறாள். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று டாக்டரைக் கேட்டால், “வளரட்டும், பாத்துக்கிட்டே இருப்போம்” என்கிறார். பார்த்துக்கொண்டே இருப்போம்! ஒரு தாய்க்கு இதைவிடப் பாரமான வார்த்தை உண்டா?

ஐவி இப்போது சோறு தொடும் வயதுக்கு வந்துவிட்டாள். நம் வழக்கப்படி முதல் குளிர்காலத்துத் தொட்டில் ஜோடி பிள்ளைக்கும் சேர்த்து வரும். மறுக்க முடியாது. நான் பிரையனியிடம் கேட்டேன்: “வேண்டாம்னு சொல்லிடேன், கண்ணு.” அவள் சொன்னது இது: “சொல்ல மாட்டேன் மாமா. அப்பா கையால வர்றத எப்படி வேண்டாம்னு சொல்றது? சொன்னா, நீங்கதான் எனக்கு விஷம் குடுத்தீங்கன்னு அப்பாவச் சொன்ன மாதிரி ஆயிடும். அவங்க தாங்க மாட்டாங்க. நீங்க எல்லாரும் சேர்ந்து தோட்டாவ மாத்துங்க. நான் சந்தோஷமா வாங்கிக்கறேன்.”

மச்சான்! துப்பாக்கிக் குழல் கீறும் என்றீர்கள். அதுவா காரணம்? இந்தச் சபையில் உங்களை எனக்குத் தெரியாதா? ஈயம் கெட்டது என்று கை தூக்கினால், வாராவாரம் கொடுத்தது என்ன என்ற கேள்வி வரும். அதற்குத்தான் பயம். கேளுங்கள், எர்னஸ்ட் சவர்பி: நீங்கள் கொடுத்தது அன்பு. அன்புக்கு எக்ஸ்ரே கண் கிடையாது. தெரியாமல் கொடுத்ததை இந்த ஊரில் ஒருவரும் உங்கள் கணக்கில் எழுத மாட்டார்கள். ஆனால் இன்று தெரியும். இனிமேல் கொடுப்பதுதான் கேள்வி!

பேச்சால் முடிக்க எனக்கு விருப்பமில்லை. தலைவி அவர்களே, மன்னியுங்கள், உங்கள் மேசை விரிப்பு நனையும். இதோ, ஜனவரியில் நாம் ஈயத்தால் சுட்டு, இறகோடு உறைபெட்டியில் வைத்திருந்த சேவல் ஒன்று, பெட்டை ஒன்று. கயிறு கட்டித் தயாராக இருக்கிறது. ஈயம் வேண்டும் என்று கை தூக்க நினைக்கும் எவராக இருந்தாலும், முதலில் இங்கே வாருங்கள். இந்த ஜோடியை எடுங்கள். மூன்றாம் வரிசைக்கு நடங்கள். பிரையனி கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கை தூக்குங்கள். நானும் உங்களோடு சேர்ந்து தூக்குகிறேன்!

ஒருவருமா இல்லை? துப்பாக்கிக்காரர்களே? துணிச்சல்காரர்களே?

மச்சான் எழுந்திருக்கிறார். வழி விடுங்கள். பக்கத்து நாற்காலி வில்ஃப், தடுக்காதே, அவரை விடு. வாருங்கள் மச்சான். எடுத்துக்கொள்ளுங்கள். கனமாகத்தான் இருக்கும்.

போகிறார். மூன்றாம் வரிசை. நிற்கிறார். பிரையனி எழுந்துவிட்டாள். ஐயோ, கை நீட்டுகிறாளே! வழக்கம் அது, நீட்டத்தான் செய்வாள். மச்சான், அவள் கையைப் பார்க்காதீர்கள், இடுப்பில் இருப்பவளைப் பாருங்கள்! அவளும் கை நீட்டுகிறாள், இறகைப் பிடிக்க!

என்ன, கொடுக்கவில்லையா? தாண்டிப் போகிறார். யாராவது அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள். நாய்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த ஜோடி நாய்க்கும் வேண்டாம்!

சபையோரே, சற்று அமைதி. வெளியே குப்பைத் தொட்டியின் மூடி விழுகிற சத்தம் கேட்கிறதா? அவர் வரட்டும்.

வந்துவிட்டார். வெறுங்கையோடு வந்திருக்கிறார். உட்காரவில்லை. என்ன மச்சான்? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் தாய்மார்களுக்குக் கேட்கட்டும்.

“கையக் கணக்கெடுக்கச் சொல்லுடா. இதுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு.”

தலைவி அவர்களே, பின்னல் ஊசியைக் கீழே வையுங்கள். ஈயம் வேண்டாம் என்று கதவோரம் உயர்ந்திருக்கும் அந்தக் கையிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். நீளமாகப் பேசியவனைப் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றிக்கடன். தேநீர் கொதிக்கவைத்த தாய்மார்களுக்கு என் வந்தனம். ஐவிக்கும், இன்னும் பிறக்காத ஐவிகளுக்கும் என் வாழ்த்து. மேடையை விட்டு இறங்குகிறேன்; எனக்கும் ஒரு கை இருக்கிறது, அதைத் தூக்கப் போக வேண்டும். எல்லாரும் சுகமாக வீடு சேருங்கள். வணங்குகிறேன்.